நடுநிலையாக்கல் பரிசோதனை: அந்த 7 கிலோயூல் எங்கே போனது?

வெள்ளவத்தையிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "1 மூலர் ஐதரோகுளோரிக் அமிலம் 50 மில்லிலீற்றரையும் அதே செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டு 50 மில்லிலீற்றரையும் கண்ணாடி முகவையில் கலந்தோம். வெப்பநிலை 29 பாகையிலிருந்து 35 பாகைக்கு ஏறியது. மூலுக்கு 50 கிலோயூல்தான் வருகிறது, புத்தகத்தில் 57. எங்கே பிழை? சூடு ஏறியும் விடைக்கு ஏன் மறைக் குறி?"

கணக்கில் பிழை இல்லை. 100 கிராம் கரைசல், ஒரு கிராம் ஒரு பாகை சூடேற வேண்டிய 4.2 யூல், ஏறிய 6 பாகை: பெருக்கினால் 2520 யூல். தாக்கமடைந்தது 0.05 மூல். வகுத்தால் 50.4 கிலோயூல், சரிதான். ஆனால் இது கரைசலுக்குப் போய்ச் சேர்ந்த வெப்பம் மட்டுமே. தாக்கம் வெளிவிட்டதோ ஏறத்தாழ 2850 யூல். மீதி 330 யூலில் பெரும்பங்கை முகவையே எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு கிராம் கண்ணாடி ஒரு பாகை சூடேற 0.8 யூல் அளவில் வேண்டும். கரைசலோடு ஒட்டிச் சூடான பகுதி 60 கிராம் என்று வைத்தாலே 290 யூல் ஆகிவிடுகிறது! எஞ்சியது காற்றோடு போயிருக்கும், அதிலும் தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றிருந்தால் கேட்கவே வேண்டாம். கொழும்புப் புழுக்கத்தில் அதை நிறுத்தச் சொன்னால் வகுப்பே முறைக்கும். இருந்தாலும் அந்த ஐந்து நிமிடம் நிறுத்துங்கள்.

குறியைத் தாக்கத்தின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். ஐதரசன் அயனும் ஐதரொட்சைட்டு அயனும் சேர்ந்து நீராகும்போது பிணைப்பு உருவாகிச் சக்தி வெளியேறுகிறது. கரைசலுக்கு அது வரவு, தாக்கத்துக்குச் செலவு. அதனால்தான் புறவெப்பத் தாக்கத்துக்கு மறைக் குறி.

அடுத்த முறை கண்ணாடி முகவைக்குப் பதிலாக, வெப்பத்தை அதிகம் எடுக்காத ரெஜிபோம் (நுரைப் பிளாஸ்டிக்) கோப்பை எடுங்கள். இலங்கையில் அதற்கு 2017இல் வந்த தடைக்குப் பிறகு கடையில் கிடைப்பது கஷ்டம். மின்சாதனப் பெட்டிக்குள் வரும் ரெஜிபோம் துண்டில் குழி வெட்டி, மெல்லிய பிளாஸ்டிக் கோப்பையை இறுக்கி வைத்தாலும் போதும். மூடியும் வேண்டும். அமிலம், காரம் இரண்டின் தொடக்க வெப்பநிலையையும் தனித்தனியே அளவிடுங்கள். காரத்தை அன்றைக்கே கரைத்திருந்தால் நன்றாக ஆற விடுங்கள். சோடியம் ஐதரொட்சைட்டு கரைவதே சூட்டைக் கிளப்பும். கலந்த பின் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைக் குறித்து, வரைபில் இறங்கும் கோட்டைக் கலந்த நேரம்வரை பின்னோக்கி நீட்டுங்கள். உச்ச வெப்பநிலையாக எடுக்க வேண்டியது அந்தப் பெறுமானத்தைத்தான். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம், 1 மூலர் காரம் விளையாட்டல்ல.

அசற்றிக் அமிலத்தை வைத்துச் செய்தால் இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் 57ஐ எதிர்பார்க்காதீர்கள். அது மென்னமிலம், அயனாவதற்கே கொஞ்சம் சக்தி செலவாகும், அதனால் பெறுமானம் சற்றுக் குறைவாகவே வரும்.