உலகக் கோப்பையே ஆடாத மிகச்சிறந்த கால்பந்து வீரர் யார்?

இந்தக் கேள்விக்கு டி ஸ்டெஃபானோ, ஜார்ஜ் பெஸ்ட் என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். என் ஓட்டு இத்தாலியின் டுரின் நகர அணியான டொரினோவின் கேப்டன் வாலன்டினோ மட்சோலாவுக்கு. 1942, 1946 உலகக் கோப்பைகள் போரால் நடக்கவேயில்லை. 1950 வருவதற்குள் ஆளே போய்விட்டார். வயது 30தான்.

1919இல் மிலான் பக்கம் கசானோ தத்தாவில் ஏழை வீட்டில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பேக்கரியில் எடுபிடி, அப்புறம் மில் வேலை. பத்து வயதில் அத்தா ஆற்றில் மூழ்கிய ஒரு பொடியனைக் குதித்துக் காப்பாற்றினார். அந்தப் பொடியன்தான் பிற்பாடு ஏசி மிலான் அணியின் கேப்டனான ஆந்த்ரேயா பொனோமி. மிலான் ரசிகர்கள் மட்சோலாவுக்கு ஒரு நன்றி பாக்கி!

கடற்படை வேலை அவரை வெனிஸுக்குக் கொண்டுபோனது. அங்கே சக வீரர் எட்சியோ லோயிக்குடன் ஜோடி சேர்ந்து, அந்த ஊர் அணியான வெனிசியாவுக்கு 1941இல் இத்தாலியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். மறு வருடமே டொரினோ தலைவர் ஃபெருச்சோ நோவோ இருவரையும் சேர்த்து வாங்கிவிட்டார். அதன்பின் 1943, 46, 47, 48, 49 என ஐந்து லீக் பட்டங்கள். 1946–47 சீசனில் 29 கோல் அடித்து லீகிலேயே முதலிடம். மிட்ஃபீல்டர் (நடுக்கள வீரர்) என்றால் ஆட்டத்தைக் கட்டுவார், தடுப்பார்; மிட்ஃபீல்டரான இவர் கோலும் அடித்துத் தள்ளினார்.

அவரைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்தது சட்டைக் கை விஷயம். டொரினோவின் சொந்த மைதானமான ஃபிலடெல்ஃபியாவில் அணி மந்தமாக ஆடினால், கேலரியிலிருந்து பொல்மிதா என்ற ரயில்வேக்காரர் ஊதுகொம்பை ஊதுவார். மட்சோலா சட்டைக் கையை மடித்துவிடுவார். அடுத்த கால்மணி நேரம் எதிரணி பாடு திண்டாட்டம். 1948 மே மாதம் லாட்சியோ அணி 3-0 என்று முன்னிலையில் இருந்த ஆட்டத்தைக்கூட டொரினோ 4-3 என்று ஜெயித்தது.

தேசிய அணிக்கு ஆடியது 12 ஆட்டம்தான், 4 கோல். அதில் ஒன்று 1947 மே 11, ஹங்கேரிக்கு எதிரானது. இத்தாலியின் பதினொரு பேரில் பத்துப் பேர் டொரினோக்காரர்கள். கோல்கீப்பர் மட்டும் யுவென்டஸ் அணிக்காரர். 3-2 வெற்றி. எதிரே ஆடியவர்களில், பிற்பாடு உலகப் புகழ்பெற்ற இளம் புஷ்காஷும் உண்டு.

1949 மே 3 அன்று லிஸ்பனில், பென்ஃபிகா வீரர் ஃபெரெய்ராவைக் கௌரவிக்க டொரினோ ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. மறுநாள் திரும்பும்போது மூடுபனியில் அணியின் விமானம் டுரின் அருகே சுபேர்கா குன்றிலுள்ள தேவாலயத்தின் பின்புறச் சுவரில் மோதியது. மட்சோலா உட்பட விமானத்திலிருந்த 31 பேரும் பலி. லீகில் மிச்சமிருந்த 4 ஆட்டங்களில் டொரினோ இளையோர் அணியை இறக்க, எதிரணிகளும் இளையோரையே இறக்கின.

அப்போது ஆறு வயதான மகன் சாந்த்ரோ, 1964இல் கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதியில் இன்டர் மிலானுக்காக ரியல் மாட்ரிடுக்கு எதிராக 2 கோல் அடித்தார். ரியலில் அன்று புஷ்காஷ். ஆட்டம் முடிந்ததும் சாந்த்ரோவிடம் வந்து, உன் அப்பாவோடு மோதியிருக்கிறேன், நீ அவர் பெயரைக் காப்பாற்றிவிட்டாய் என்கிற மாதிரி சொன்னாராம். புஷ்காஷே இப்படி நினைவு வைத்திருக்கிற ஆளுக்கு நான் ஓட்டுப் போட்டதில் தப்பில்லை.