சங்க இலக்கியத்தில் இனி ஆராய என்ன இருக்கிறது? அறிஞர்கள் அதைப் பற்றி என்னதான் விவாதிக்கிறார்கள்?

"உ.வே.சா. 1894இலேயே புறநானூற்றை அச்சேற்றிவிட்டார், உரைகளும் வந்துவிட்டன, இனி ஆராய்ச்சி என்றால் சொன்னதையே திருப்பிச் சொல்வதுதானே" என்று கேள்வியோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். இல்லை என்பதுதான் என் பதில். நான் பல ஆண்டுகளாக விடாமல் படித்து வரும் ஒரு சண்டையை வைத்தே சொல்கிறேன்.

2001இல் ஹெர்மன் டீக்கன் என்ற டச்சு அறிஞர் ஒரு புத்தகம் போட்டார். சங்கப் பாடல்கள் கி.பி. முதல் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையே அல்ல, எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியர் அவையில் உட்கார்ந்து, பழங்காலம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று கற்பனை செய்து எழுதியவை, அதற்கு முன்மாதிரி பிராகிருத, வடமொழிக் காவியங்கள் என்றார். சும்மா எடுத்து வீசிய கருத்து இல்லை இது. "மகாபாரதம் தமிழ்ப்படுத்தும் மதுராபுரிச் சங்கம் வைத்தும்" என்று பாண்டியரின் சின்னமனூர்ச் செப்பேடு பேசுகிறது, முச்சங்கக் கதையை விரிவாகச் சொல்லும் இறையனார் களவியல் உரையும் ஏறக்குறைய அந்தக் காலத்தை ஒட்டியதுதான். சங்கம் என்ற பேச்சே அப்போதுதான் பெரிதாகக் கிளம்புகிறது என்றால், பாடல்களும் ஏன் அப்போது உருவாகியிருக்கக் கூடாது என்பது அவர் கேள்வி.

நம் பக்கத்தில் பலருக்குக் கோபம் வந்தது, அது இயல்புதான். ஆனால் பதில் சொன்ன ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதலில் எல்லோரும் கையில் எடுப்பது கல்வெட்டு. கரூருக்குப் பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டான் மலையில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு மூன்று தலைமுறைச் சேரர்களை வரிசையாகச் சொல்கிறது: கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. இதைச் சேர மன்னர்களைப் பாடும் பதிற்றுப்பத்தின் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளின் தலைவர்களோடு கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் பொருத்திக் காட்டினார். 1981இல் ஜம்பையில் கிடைத்த கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரே இருக்கிறது, ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவனாகப் புறநானூறு சொல்லும் அஞ்சிதான். விஷயம் முடிந்தது என்று நினைப்போம். முடியவில்லை. அரசர்கள் உண்மையானவர்கள் என்று கல்வெட்டு காட்டும், பாட்டு அவர்கள் காலத்தில்தான் எழுதப்பட்டது என்று அது காட்டாதே. பழைய மன்னர் பெயர் பல நூற்றாண்டுகள் நினைவில் நிற்கும் என்பதற்கு வேள்விக்குடிச் செப்பேடே சாட்சி, எட்டாம் நூற்றாண்டில் வெளியான அந்தச் செப்பேட்டின் தமிழ்ப் பகுதி பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொடுத்த தானத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது. இந்த இடத்தில் டீக்கன் தரப்பு வாதம் சரியானது, நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை ஒதுக்க முடியாது.

அதனால் விவாதம் மொழிக்குள் இறங்கியது, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டீக்கன் சொல்லும் காலத்தை ஒட்டிய தேவாரத்தில் "கின்ற" என்ற நிகழ்கால இடைநிலை சர்வ சாதாரணமாக வரும். குறுந்தொகையிலோ நற்றிணையிலோ அதைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது, அங்கே இறந்தகாலம், இறப்பல்லாத காலம் என்ற இரண்டு பிரிவுதான். தன்னைக் குறிக்க "யான்" மட்டும்தான், "நான்" தலைகாட்டுவது தொகைகளில் பிந்தியதாகக் கருதப்படும் பரிபாடலில்தான். எட்டாம் நூற்றாண்டுக் கவிஞர்கள் தங்கள் வாயில் தினமும் புழங்கும் வடிவங்களை இவ்வளவு பாடல்களிலும் ஒரு இடத்தில்கூட நழுவ விடாமல் மறைத்து எழுதினார்கள் என்று நம்புவது கஷ்டம். ஏவா வில்டன் என்ற தமிழாய்வாளர் 2002இல் இன்னும் ஒரு படி போய், யாப்பு, தொடரமைப்பு, திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் இவற்றையெல்லாம் வைத்து, தொகைகளுக்குள்ளேயே முந்தியது பிந்தியது என்று அடுக்குகள் இருப்பதைக் காட்டினார். அடுக்கு இருந்தால் அது வளர்ந்து வந்த மரபு, ஒரே அவையில் ஒரே காலத்தில் செய்து முடித்த வேலை அல்ல.

அப்புறம் சேரநாட்டுத் துறைமுகமான முசிறி. அகநானூறு 149இல் யவனர் கலம் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று வருகிறது. வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் (பழங்கால நாணல் தாள்) ஆவணம் இருக்கிறது, 1985இல் பதிப்பித்தார்கள், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கிரேக்கத்தில் எழுதியது. ஒரு பக்கம் முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம், மறுபக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு: யானைத் தந்தம், கங்கைச் சடாமாஞ்சில். சிதைந்துபோன பகுதியில் பெருஞ்சரக்கு மிளகாகத்தான் இருந்திருக்கும் என்று பின்னால் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ரோமாபுரி வணிகம் ஓய்ந்துபோய் நூற்றாண்டுகள் கழித்து ஒரு கவிஞர் இதை யாரிடம் கேட்டு எழுதியிருப்பார்? என் பார்வையில் டீக்கன் சொன்ன காலம் நிற்கவில்லை, பெரும்பாலான ஆய்வாளர்களும் அதை ஏற்கவில்லை.

ஆனாலும் அந்தப் புத்தகம் வீண் என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆய்வில், கிரேக்கக் காவியப் புலவர் ஹோமரை ஆராயும் முறையை எடுத்துக்கொண்டு, இவை பாணர் வாய்மொழியாகப் பாடிய வீரயுகப் பாடல்கள் என்று நிறுவ முயன்றார். தமிழ் உலகில் அது பெரிய செல்வாக்குப் பெற்றது. அகப்பாடல் குடியானவன் வாயிலிருந்து நேரே வந்த நாட்டுப்பாடல் அல்ல, படித்த புலவன் மரபு அறிந்து கட்டிய நுட்பமான பாத்திரக் கூற்று என்பதை டீக்கன் அழுத்திச் சொன்னபோது, வாய்மொழி எது, எழுத்து எது என்ற கேள்வியைத் திரும்பவும் கவனமாகக் கேட்க வேண்டி வந்தது. அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கீழடி அகழாய்வில் எடுத்த மாதிரி ஒன்றுக்குக் காலம் கி.மு. 580 என்று வந்ததும், சங்கப் பாடல்களும் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று பலர் எழுதித் தள்ளினார்கள். பானை ஓட்டில் "ஆதன்" என்று பெயர் இருப்பது எழுத்தறிவுக்கு அருமையான சான்று, பாட்டுக்குக் காலம் குறிக்கும் சான்று அல்ல. டீக்கனிடம் எந்த அளவுகோலை வைத்து ஆதாரம் கேட்டோமோ அதையே நம்மிடமும் வைக்க வேண்டும்.

சரி, இப்போது நடப்பது என்ன? சுவடிக்குத் திரும்பிப் போகிறார்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனமான தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியிலிருந்து கிடைக்கும் சுவடிகளையெல்லாம் ஒப்பிட்டு, நற்றிணைக்கு 2008இலும் குறுந்தொகைக்கு 2010இலும் வில்டன் செம்பதிப்புகள் கொண்டுவந்தார். இதன் அருமை ஓலையைப் பார்த்தால்தான் தெரியும். புள்ளி இருக்காது, ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு வேறுபாடு இருக்காது, துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். "பரல்" என்பதும் "பால்" என்பதும் கண்ணுக்கு ஒன்றுதான், "கொல்" என்பதும் "கோல்" என்பதும் அப்படியே. பாலை நிலத்துப் பாட்டென்றால் பரல் (பருக்கைக்கல்) என்று ஊகிக்கலாம், எல்லா இடத்திலும் திணை கைகொடுக்காது. பழைய பதிப்பாசிரியர்கள் அசாத்திய திறமையோடு முடிவெடுத்தார்கள், ஆனால் வேறு சுவடியில் வேறு பாடம் இருந்ததை எல்லா இடத்திலும் குறித்துவைக்கவில்லை. நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த வரிகள் சிலவற்றில் இன்னொரு பாடமும் உண்டு, அது பொருளையே மாற்றும்.

நீங்கள் தமிழ் படிக்கும் மாணவர் என்றால் ஒன்று செய்து பாருங்கள். குறுந்தொகைக்குச் சௌரிப்பெருமாள் அரங்கனாரின் 1915 பதிப்பு ஒன்று உண்டு, உ.வே.சா.வின் 1937 பதிப்பு ஒன்று உண்டு. பழைய பதிப்புகள் பல தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிடித்த நாலைந்து பாட்டை எடுத்து இரண்டிலும் வரிக்கு வரி ஒப்பிட்டு, எங்கே மாறுகிறது, உ.வே.சா. அடிக்குறிப்பில் என்ன பாடம் தந்திருக்கிறார் என்று எழுதி வாருங்கள். சந்தேகம் வந்தால் பின்னூட்டத்தில் கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.