காஸ்டிக் கொதித்ததை விட அந்தப் பொதுத் தொட்டிதான் எனக்குப் பயம்

கேள்வி: ஐயா, காகித ஆலையில் ரசாயனம் கரைக்கும் பிரிவுக்கு ஒப்பந்தத் தொழிலாளியாகப் புதிதாக வந்திருக்கிறேன். காஸ்டிக் சோடா செதில் மூட்டையைக் கொட்டிக்கொண்டிருந்தபோது தொட்டி திடீரென்று கொதித்து வெளியே தெறித்தது. கழுத்தில் சிறு புண் ஆகிவிட்டது. அங்கேயே இன்னொரு தொட்டி இருக்கிறது. அதில் ஒரு ஷிப்டில் படிகாரம் கரைப்போம், அலசிவிட்டு அடுத்த ஷிப்டில் ஹைப்போ (வெளுக்கப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்) கலப்போம். கான்ட்ராக்டர் துணி மாஸ்க் கொடுத்திருக்கிறார், சூப்பர்வைசர் ஒன்றும் ஆகாது என்கிறார். காஸ்டிக்கை எப்படிப் பத்திரமாகக் கரைப்பது? இந்த மாஸ்க் போதுமா?

பதில்: மாஸ்க் போதாது. கழுத்துப் புண்ணை இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். காஸ்டிக் பட்ட இடம் முதலில் அவ்வளவாக வலிக்காமலேயே உள்ளே ஆழமாக அரித்துக்கொண்டு போகும். வினிகர், எலுமிச்சை என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

இனி தொட்டி. காஸ்டிக் தண்ணீரில் கரையும்போது அடுப்பே இல்லாமல் சூடேறும். 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ கரைத்தால் சூடு சுமார் 25 டிகிரி ஏறும். அதே 1 கிலோவை 4 லிட்டரில் கரைத்தால் 60 டிகிரி வரை ஏறும். 30 டிகிரியில் இருந்த தண்ணீர் கொதிக்கிற நிலைக்குப் பக்கத்தில் போய்விடும். அதுவும் தொட்டி முழுக்கச் சீராகக் கலந்தால்தான் இந்தக் கணக்கு. உங்கள் தொட்டியில் அது சீராகக் கலக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கலக்கி (தொட்டிக்குள் சுழன்று கலக்கும் இயந்திரம்) ஓடாத தொட்டியில் செதில் நேராக அடிக்குப் போய்ப் படியும். ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாக இறுகும். மேல் தண்ணீர் லேசான சூட்டில் இருப்பதைப் பார்த்து, கரைந்துவிட்டது என்று நினைத்து அடுத்த மூட்டையைப் பிரிப்போம். அப்போது யாராவது கலக்கியைப் போட்டாலோ, கம்பியால் அடியைக் குத்தினாலோ பாளம் உடையும். அத்தனை காஸ்டிக்கும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடும். அந்த இடத்துத் தண்ணீர் ஆவியாகி, மேலே இருக்கிற கரைசலையும் தூக்கிக்கொண்டு வெளியே பாயும்.

அதனால் முதலில் தண்ணீர், அப்புறம் கலக்கி, கடைசியாகத்தான் காஸ்டிக். கலக்கி ஓடுகிறதா என்று சுவிட்ச் விளக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தண்டு சுழல்வதையும் தண்ணீர் புரள்வதையும் கண்ணால் பாருங்கள். மோட்டார் ஓடி, இணைப்பு அறுந்து, தண்டு சும்மா நிற்பது நடக்கிறதுதான். தண்ணீர் சாதாரணமாகக் குளிர்ந்திருக்க வேண்டும், நீராவி வால்வு மூடியிருக்க வேண்டும். மூட்டையை அப்படியே கவிழ்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நடுவில் கலக்கி நின்றுவிட்டால் போடுவதை நிறுத்திவிட்டுத் தள்ளி வந்து பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். நீங்களாக மறுபடி ஓட்டவே வேண்டாம். ஆசிட்டுக்கும் இதே முறைதான், தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும். அள்ளுவதற்கு அலுமினியப் பாத்திரமோ துத்தநாகம் பூசிய வாளியோ வேண்டாம். காஸ்டிக் அவற்றை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், ஒரு பொறி பட்டால் அது தீப்பிடிக்கும்.

உடுப்பில் கண்ணைக் கெட்டியாக மூடும் கண்ணாடி, அதற்கு மேல் முகக் கவசம், ரப்பர் ஏப்ரன், ரப்பர் கையுறை, கம்பூட் எல்லாம் வேண்டும். பேன்ட்டை பூட்டுக்குள் செருகாதீர்கள், வெளியே விடுங்கள். உள்ளே செருகினால் தெறித்தது வழிந்து பூட்டுக்குள் இறங்கி அங்கேயே தேங்கும். தோல் கையுறையை காஸ்டிக் தின்றுவிடும், துணிக் கையுறை உறிஞ்சிக் கையோடு வைத்துக் கட்டியது போல ஆக்கும்.

மேலே பட்டால் ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும், நனைந்த உடுப்பைக் கழுவும்போதே கழற்ற வேண்டும். இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்வதால் விளக்கமாகவே சொல்கிறேன். சுட்ட சுண்ணாம்புத் தூளோ உலர்ந்த காஸ்டிக் செதிலோ உடுப்பிலும் தோலிலும் கொட்டிவிட்டால், முதலில் அதைத் தட்டி உதறிவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்ற வேண்டும். தூள் குவிந்திருக்கும் இடத்தில் கொஞ்சம் தண்ணீர் பட்டால் அங்கேயே சூடேறி வெந்துவிடும். தட்டுவது கையுறைக் கையால் அல்லது காய்ந்த துணியால், முகத்துக்கு எதிர்ப்பக்கமாக. சில நொடி வேலைதான், ஒவ்வொரு துகளாகத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. ஏற்கெனவே வியர்வையில் கரைந்து பிசுபிசுப்பாகிவிட்டால் தட்டிப் பயனில்லை, நேராகக் குழாய்க்கடியில் போங்கள். இந்த விதிவிலக்கு கண்ணுக்குக் கிடையாது. கண்ணில் தூள் விழுந்தாலும் திரவம் தெறித்தாலும் அந்த நொடியே தண்ணீர்தான். கண்ணைத் தேய்க்காமல் இமையை விரலால் விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும்.

கண் கழுவும் குழாய் சுமார் 10 நொடியில் எட்டுகிற தூரத்தில், வழியில் எதுவும் தடுக்காமல் இருக்க வேண்டும். ஷிப்டு தொடங்கியதும் நீங்களே திறந்து பாருங்கள். பல ஆலைகளில் சோதித்ததாக அட்டையில் மாதம் முழுவதற்கும் முன்கூட்டியே கையெழுத்து போட்டு வைத்திருக்கிறார்கள், குழாயைத் திறந்தால் துருத்தண்ணீர் வருகிறது. தணிக்கைக்கு ஆள் வரும் அன்றைக்கு மட்டும் எல்லாம் பளபளக்கும். இந்த வழக்கத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமைதான் மிஞ்சுகிறது.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத விஷயம் அந்தப் பொதுத் தொட்டிதான். படிகாரக் கரைசல் அமிலத் தன்மை உள்ளது. ஹைப்போ அமிலத்தைத் தொட்டால் குளோரின் வாயு வரும். அது காற்றைவிட சுமார் இரண்டரை மடங்கு கனம், தரையோடு பரவும், பள்ளத்தில் தேங்கும். தொட்டியை அலசினாலும் அடிக்குழாயிலும் வால்வுக்குப் பின்னாலும் பம்புக்குள்ளும் மிச்சம் நிற்கும். 2016 அக்டோபரில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் அட்சிசன் என்ற ஊரில் ஓர் ஆலைக்கு வந்த டேங்கரிலிருந்த கந்தக அமிலம் ஹைப்போ தொட்டிக்குள் இறங்கிவிட்டது. கிளம்பிய வாயுவால் ஆலைக்கு வெளியே இருந்தவர்களும் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே இணைப்புக் குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில், பார்க்க ஒன்று போலவே இருந்தன. உங்கள் இடத்தில் இருப்பதோ ஒரே தொட்டி! படிகாரத்துக்கும் ஹைப்போவுக்கும் தொட்டி, பம்பு, ஹோஸ், வடிகால் எல்லாமே தனித்தனியாக இருக்க வேண்டும். நன்றாக அலசினால் போதும் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

வடிகால் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மரக்கூழ் வேகவைக்கும் ஒயிட் லிக்கரில் சல்ஃபைடு இருக்கும். அது ஆசிட் வடிகாலில் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு கிளம்பும். 2002 ஜனவரியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பென்னிங்டன் என்ற ஊர்க் காகித ஆலையில், டேங்கரிலிருந்து இறக்கிய சோடியம் ஹைட்ரோசல்ஃபைடு சிந்தி ஆசிட் வடிகாலுக்குள் போனது. இரண்டு ஒப்பந்தத் தொழிலாளிகள் செத்தார்கள், எட்டுப் பேர் பாதிக்கப்பட்டார்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஓடிவிடலாம் என்று நம்பாதீர்கள். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் அப்படியே குனிவதுதான் அடுத்த சாவு.

அதனால்தான் துணி மாஸ்க்கால் பயனில்லை என்கிறேன். அது தூசிக்கு, வாயுவுக்கு இல்லை. வாயுவுக்கு அந்தந்த வாயுவின் பெயர் எழுதிய கார்ட்ரிட்ஜ் (முகக்கவசத்தில் மாட்டும் வடிகட்டி) வேண்டும். மூடிய தொட்டிக்குள் ஆக்சிஜனே குறைவாக இருக்கலாம், அங்கே கார்ட்ரிட்ஜும் காப்பாற்றாது. எல்லா வாயுவுக்கும் ஒரே கார்ட்ரிட்ஜ் என்று விற்க வரும் ஏஜென்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஏஜென்டுகளிலேயே மோசமானவர் பழைய டிரம்மில் ரசாயனம் நிரப்பித் தருபவர். டிரம்மில் ஒட்டிய லேபிள் ஒன்று, மேலே சாக்பீஸில் எழுதியது வேறொன்று, உள்ளே இருப்பது மூன்றாவது. விலை குறைவு என்று வாங்குகிறவர் மேலே உட்கார்ந்திருக்கிறார், மூடியைத் திறப்பவர் நீங்கள். உற்பத்தியாளரின் லேபிளும் சரக்கோடு வந்த பாதுகாப்புத் தரவுத்தாளும் ஒத்துப்போகாத டிரம்மைத் திறக்காதீர்கள். முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முயலாதீர்கள். அந்தத் தாளில் 16 பகுதிகள் இருக்கும். உங்களுக்கு அவசரத் தேவை மூன்று: 4-வது முதலுதவி, 8-வது பாதுகாப்பு உடுப்பு, 10-வது எதோடு சேரக் கூடாது என்பது. தாள் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்தால் யாருக்குப் பயன்? புரிகிற மொழியில் ஒரு நகல் கேட்டு வாங்கித் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

கூழை வெளுப்பதற்கான குளோரேட்டோ குளோரின் டையாக்சைடோ தயாரிக்கும் பக்கம் கைத்துணைக்குக் கூப்பிட்டால், தனிப் பயிற்சி இல்லாமல் போகாதீர்கள். குளோரேட் நனைந்து காய்ந்த உடுப்பு சுலபத்தில் தீப்பிடிக்கும்.

சூப்பர்வைசரிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். ஷிப்டு பதிவேட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: படிகாரமும் ஹைப்போவும் ஒரே தொட்டியில் கரைக்கப்படுகின்றன, தனித் தொட்டி வேண்டும், காஸ்டிக் கலக்கியைச் சோதிக்க வேண்டும், வாயுவுக்கு ஏற்ற முகக்கவசம் வேண்டும். அடுத்த ஷிப்டுக்காரரையும் கையெழுத்து போடச் சொல்லுங்கள், பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வாயால் சொன்னதை மறந்துவிட்டேன் என்பவர்கூட, எழுதி வைத்ததற்கு யாரையாவது கூப்பிட்டுக் கேட்டாக வேண்டியிருக்கும்.