மூன்றாவது சுற்றில் கல்லாகும் கை

உடல்நலம்: வாசகர் கேள்வி – பதில்

சம்பா, தாளடி அறுவடைக் காலம் முழுக்க இந்தப் பகுதிக்கு வருவது இடுப்பு வலியும் முழங்கால் வலியும்தான். பங்குனி வெயிலில் வயல்கள் வெடிப்பு விட்டுக் கிடக்கத் தொடங்கியதும் கடிதங்களின் போக்கு மாறிவிடுகிறது. மோட்டோகிராஸ், அதாவது மேடு பள்ளமான மண் தடத்தில் நடக்கும் பைக் பந்தயம், ஓட்டும் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அவர்களைப் பெற்றவர்களும் எழுதுகிறார்கள். கும்பகோணத்தில் இயன்முறை சிகிச்சை பார்க்கிற எனக்கு வண்டியைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம், அதன்மேல் நிற்கும் உடம்பைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம் கூடுதல். எந்த டயர் நல்லது என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும். உடம்பைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (மன்னார்குடி வாசகர், வயது 24): கோவைப் பக்கம் நடந்த ஆரம்பநிலைப் போட்டி ஒன்றில் முதன்முதலாக ஓட்டினேன். மூன்றாவது சுற்றிலேயே இரண்டு முன்கைகளும் கல்லாகிவிட்டன. கிளட்சைப் பிடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. தவறாமல் ஜிம்முக்குப் போகிறவன் நான். எனக்கு ஏன் இப்படி?

பதில்: தம்பி, கடிதத்தோடு ஜிம் கண்ணாடி முன் எடுத்த படத்தையும் வைத்திருந்தீர்கள். புஜம் பிரமாதம். ஆனால் மோட்டோகிராஸில் புஜத்துக்கு அவ்வளவு வேலை கிடையாது.

உங்களுக்கு வந்ததை ஓட்டுநர்கள் ஆர்ம் பம்ப் என்கிறார்கள். முன்கைத் தசைகள் எளிதில் விரிந்துகொடுக்காத ஓர் உறைக்குள் இருக்கின்றன. ஹேண்டில்பாரை விடாமல் இறுக்கிப் பிடிக்கும்போது உள்ளே வரும் ரத்தம் எளிதாக வெளியேற முடியாமல் தசை வீங்குகிறது. மழையில் நனைந்த நெல் மூட்டையைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே நெல் ஊதும், சாக்கு விரியாது. அதே கதைதான். உறைக்குள் அழுத்தம் கூடக் கூட ரத்த ஓட்டம் மேலும் குறைகிறது, நரம்பும் நசுங்குகிறது, விரல் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகிறது.

பெரும்பாலானவர்களுக்கு இதன் வேர் கையில் இருப்பதில்லை. தொடையும் இடுப்பும் முதுகும் களைத்துவிட்டால் வண்டியிலிருந்து விழாமலிருக்க உடம்பு கைகளில் தொங்கத் தொடங்குகிறது. கால்மிதியில் எழுந்து நின்று, முழங்கால்களால் வண்டியைக் கவ்விக்கொண்டு, முழங்கையைச் சற்று உயர்த்தி ஓட்டுகிறவருக்குக் கை வழிகாட்டினால் போதும். அந்த நிலையில் பத்து நிமிடம் நிற்க உங்கள் கால்களால் முடியுமா? வண்டியை ஸ்டாண்டில் போட்டு வீட்டு வாசலிலேயே நின்று பாருங்கள். முடியாவிட்டால் புஜப் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, உட்கார்ந்து எழுதல், ஒற்றைக்கால் பயிற்சிகள், தரையிலிருந்து எடை தூக்குதல், தொடைகளுக்கு நடுவே பந்தை வைத்து அழுத்துதல் ஆகியவற்றுக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். கைக்கு என்று தனியாக வேண்டுமானால் கம்பியில் தொங்குங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். பலர் வரிசையில் உட்கார்ந்து கதை பேசிவிட்டு, குளிர்ந்த உடம்போடு தொடக்கக் கோட்டுக்குப் போகிறார்கள். அன்றைய முதல் பந்தயத்தில்தான் கை அதிகம் இறுகும் என்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பந்தயத்துக்கு முன் கால்மணி நேரம் கயிறு தாண்டுங்கள், உடம்பில் வியர்வை அரும்பட்டும். அடுத்தது மூச்சு. பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுச் சுற்றையும் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு தாவலிலும் தரை தொடும்போது மூச்சை வெளியே விடப் பழகுங்கள். வண்டியை நிறுத்திய பிறகும் வெகுநேரம் மரமரப்பும் வலியும் குறையாவிட்டால் எலும்பு முறிவு மருத்துவரைப் பாருங்கள். உறைக்குள் இருக்கும் அழுத்தத்தை ஊசி செலுத்தி அளக்க முடியும். உறையைக் கீறிவிடும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது, ஆனால் அது மற்றதெல்லாம் பலிக்காதபோது யோசிக்க வேண்டியது.

கேள்வி (கும்பகோணம், பொறியியல் மாணவர், வயது 22): போட்டிக்கு என் உடம்பு தயாரா என்று தெரிந்துகொள்ளப் பெரிய நகரத்துச் சோதனைக்கூடத்துக்குத்தான் போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம், கைக்கடிகாரம், அளவு நாடா போதும். வண்டிக்குச் சங்கிலித் தொய்வு எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கிற பிள்ளைகள் தங்கள் நாடித்துடிப்பை எண்ணிப் பார்த்ததே இல்லை. எனக்கு இதில் எப்போதும் எரிச்சல் உண்டு.

காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன் ஒரு நிமிடம் நாடியை எண்ணி எழுதுங்கள். ஒரு வாரம் எழுதினால் உங்கள் வழக்கமான எண் தெரிந்துவிடும். பிறகு என்றைக்காவது அதைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடியிருந்தால் உடம்பு இன்னும் தேறவில்லை, அல்லது காய்ச்சல் வரப்போகிறது. அன்று கடும் பயிற்சி வேண்டாம்.

அடுத்தது கூப்பர் சோதனை. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்டது. 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்பதுதான் கணக்கு. தூரத்தை மீட்டரில் எடுத்துக்கொண்டு 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுத்தால், உங்கள் உடம்பு நிமிடத்துக்கு, ஒரு கிலோ எடைக்கு, அதிகபட்சம் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்ற மதிப்பீடு கிடைக்கும். 2,400 மீட்டர் ஓடினால் ஏறத்தாழ 42. 2,000 மீட்டர் என்றால் 33தான், அந்த நிலையில் போட்டிக்குப் பெயர் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். 2,800 மீட்டர் தாண்டினால் 51, மகிழ்ச்சி. தஞ்சாவூர்க்காரர்களுக்கு அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது. நீங்கள் உங்கள் ஊரில் வண்டி அதிகம் போகாத நேரான சாலையை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ஓடுங்கள், ஏழு மணிக்கு மேல் நம் ஊர்ப் புழுக்கம் எண்ணையே மாற்றிவிடும்.

ஓட முடியாத முழங்கால் உள்ளவர்களுக்குப் படி ஏறும் சோதனை. 30 சென்டிமீட்டர் உயரப் படியில் நிமிடத்துக்கு 24 தடவை வீதம் மூன்று நிமிடம் ஏறி இறங்கி, உடனே உட்கார்ந்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ண வேண்டும். உங்கள் வயது ஆணுக்கு 100-ஐ ஒட்டி வந்தால் நடுத்தரம், 85-க்குக் கீழே வந்தால் நல்லது. வீட்டுத் திண்ணைப் படியிலேயே செய்யலாம், ஆனால் நாடா வைத்து அளந்துவிட்டுச் செய்யுங்கள். பழைய வீட்டுப் படிகள் ஒன்றுபோல் இன்னொன்று இருப்பதில்லை.

இவ்வளவும் மூச்சுக்கும் இதயத்துக்கும். மோட்டோகிராஸ் ஓட்டும்போது நாடி அதிகபட்சத்தில் தொண்ணூறு சதவிகிதத்துக்கும் மேலே ஏறி அங்கேயே நின்றுவிடுகிறது என்று அளந்து பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் வயதுக்கு 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் அதிகபட்சம் 193, அதில் தொண்ணூறு சதவிகிதம் என்றால் 173 அல்லது 174. உலகச் சாம்பியன்ஷிப்பில் ஒரு பந்தயம் 30 நிமிடமும் அதற்கு மேல் இரண்டு சுற்றும். உங்களுக்கு அதில் ஒரு பகுதிதான் வரும். இருந்தாலும் ஓட்டத்தில் வரும் களைப்புக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இங்கே தசைகள் இறுகியே இருக்கின்றன, பயமும் கூடச் சேர்ந்து துடிப்பை ஏற்றுகிறது. ஆகவே நான் என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு சேர்க்கை வைத்திருக்கிறேன். 12 நிமிடம் ஓடி முடித்த கையோடு கம்பியில் தொங்க வேண்டும், எத்தனை நொடி என்று குறிக்க வேண்டும். ஓய்வாக இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு மேல் தொங்குகிறவர், ஓடிய பிறகு இருபது நொடியில் கை விட்டுவிடுவார். அந்த இடைவெளி குறைகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலிபோல் உட்காருதல், முழங்கையை ஊன்றிய பலகை நிலை, கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்றல் ஆகிய மூன்றையும் நொடிக்கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வண்டியை மெத்தென்ற மண்ணில் படுக்கப்போட்டு மூன்று முறை தூக்கி நிறுத்துங்கள். பந்தயத்துக்கென்றே செய்த 250 சிசி வண்டி 105 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். நம் பிள்ளைகள் ஓட்டிப் பழகும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக் 160 கிலோவை நெருங்கும். முதுகை வளைக்காமல் காலால் தூக்க வேண்டும். மூன்றாவது முறை முடியவில்லை என்றால் மண் தடத்திலும் முடியாது.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில், அதே நேரத்தில் எல்லாவற்றையும் திரும்பச் செய்யுங்கள். நண்பனின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். போன முறை நீங்கள் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி (திருவாரூர், ஒரு தாய்): மகனுக்கு 17 வயது. போட்டி உரிமம் வாங்க மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்கிறான். தெரிந்த ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தருவார் என்றும் சொல்கிறான். கொடுக்கலாமா?

பதில்: அம்மா, தொட்டுப் பார்க்காமல் போடும் கையெழுத்து வேண்டவே வேண்டாம். அது போட்டி நடத்துகிறவர்களுக்கான காகிதம் மட்டுமில்லை, உங்கள் பிள்ளையின் இதயத்தைப் பற்றிய வாக்குமூலம். ரத்த அழுத்தம், இசிஜி, ஹீமோகுளோபின், கண் பார்வை இவ்வளவையும் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்தில் யாராவது சிறு வயதில் திடீரென்று இறந்திருந்தால், ஓடும்போது பையன் எப்போதாவது மயங்கி விழுந்திருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அப்போது இதயநோய் நிபுணரிடம் அனுப்புவார். டெட்டனஸ் ஊசி பத்து ஆண்டுக்கு ஒருமுறை, நம் வயல் மண்ணில் சாணம் கலக்காத இடமே கிடையாது.

பையன் போட்டி உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் சம்மதக் கையெழுத்தும் தேவைப்படும். அதற்கு ஈடாக நீங்கள் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: தலையில் அடிபட்டால் அன்றைக்கு மறுபடி வண்டியில் ஏறக் கூடாது. ‘ஒன்றும் இல்லை அம்மா’ என்று சொன்னாலும்தான். வாந்தி, குழப்பம், நினைவு தப்புதல் எது இருந்தாலும் நேராக மருத்துவமனை.

கேள்வி (ஒரத்தநாடு விவசாயி, வயது 43): மண்வெட்டி பிடித்த உடம்பு எனக்கு. தனியாகப் பயிற்சி எதற்கு என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

பதில்: அண்ணே, நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. பிடிமானமும் முதுகும் உங்களுக்கு நகரத்துப் பிள்ளைகளைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் வயல் வேலை நிதானமாக நாள் முழுதும் நடக்கிறது, மோட்டோகிராஸ் சில நிமிடங்களில் உயிரை உலுக்குகிறது. உங்களுக்கு இல்லாதது அந்த உலுக்கலைத் தாங்கும் பழக்கம்.

மலைநாட்டுக்காரர்கள் மேட்டில் ஏறி ஓடுவார்கள். டெல்டாவில் மேடு ஏது? எனக்குத் தெரிந்து கொள்ளிடக் கரைதான். கரையின் சரிவில் இருபது, முப்பது நொடி வேகமாக ஏறுங்கள், நடந்து இறங்குங்கள், மூச்சு பாதி அடங்கியதும் மறுபடி ஏறுங்கள். நாலைந்து தடவையில் தொடங்கி வாரத்துக்கு இரண்டு நாள் போதும். ஓடத்தான் சொல்கிறேன், வண்டியைக் கரைமேல் ஏற்றச் சொல்லவில்லை. கரை சேதமானால் மழைக்காலத்தில் ஊரே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்கு முன், நாற்பதைத் தாண்டியவர் என்பதால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, டிரெட்மில் சோதனை நான்கையும் முடித்துவிடுங்கள். கரையில் ஓடும்போது நெஞ்சு இறுகுவது நல்ல அறிமுகம் இல்லை.

கேள்வி (மயிலாடுதுறை வாசகி): பெண்களுக்கு வேறு சோதனைகளா?

பதில்: அதே சோதனைகள்தான், ஒப்பிடும் அட்டவணை மட்டும் வேறு. இத்தாலியின் கியாரா ஃபொன்டனேசி பெண்கள் மோட்டோகிராஸில் ஆறு முறை உலகப் பட்டம் வென்றவர், அவரும் இதே வகையான தடத்தில்தான் ஓட்டினார். உங்களுக்கு இரண்டு குறிப்பு: கிளட்ச், பிரேக் பிடிகளை உங்கள் விரல் நீளத்துக்கு நெருக்கி வைக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் வற்புறுத்துங்கள்; ஹீமோகுளோபினை ஆண்டுக்கு இருமுறை பாருங்கள். நம் பெண்களில் ரத்தசோகையைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டு பயிற்சியைக் கூட்டுகிறவர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): பழைய சோறும் மோரும் போதுமா, டப்பாவில் விற்கும் எனர்ஜி பானம் வேண்டுமா? சித்திரை வெயிலில் கவசத்தோடு ஓட்டுவது எப்படி?

பதில்: ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு பழைய சோறு, பக்கத்தில் உப்பு போட்ட நீர்மோர். இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. எனர்ஜி பானத்தில் இருப்பது காஃபீனும் சர்க்கரையும். ஏற்கெனவே 170-ஐத் தாண்டித் துடிக்கும் நெஞ்சை இன்னும் ஏன் தூண்ட வேண்டும்? பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. 65 கிலோ உள்ளவருக்கு 1.3 கிலோவுக்கு மேல் குறையக் கூடாது, அதாவது இரண்டு சதவிகிதம்.

வெயிலுக்கு உடம்பு பழக பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். முதல் நாளே முழுக் கவசத்தோடு நண்பகலில் இறங்காதீர்கள். ஓட்டுகிறவர் உளறினாலோ தள்ளாடினாலோ 108-க்கு அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் கவசத்தைக் கழற்றி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

கேள்வி (திருவையாறு வாசகர்): மணலில் ஓட்டினால் கால் வலுப்படும் என்கிறார்கள். காவிரிப் படுகையில் பயிற்சி செய்யலாமா?

பதில்: மணல் காலை வலுப்படுத்துவது உண்மை. வெறுங்காலால் நடந்தும் ஓடியும் வலுப்படுத்துங்கள். வண்டியை இறக்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. குறுவைக்கு மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்றாலும், எந்த ஆண்டும் எந்த நேரத்திலும் தண்ணீர் வரலாம். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, தாளடி அறுத்த வயல் ஒன்றை உரியவரிடம் கேட்டுத் தடம் போட்டுக்கொள்ளுங்கள். உழவுக்கு முன் திரும்பச் சமன் செய்து தருவதாகவும் சொல்லுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.