சவம், அது கெடக்கட்டும்

வணக்கம் மேடம். எனக்கு 44 வயசு, கல்லிடைக்குறிச்சி. வீட்டுக்காரவுக மஸ்கட்ல இருக்காவ, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவாவ. ஒரே மக, ப்ளஸ் ஒன் படிக்கா. இதெல்லாம் ஒரு விஷயமான்னு நீங்க நெனைக்கலாம், ஆனா மூணு மாசமா சரியா தூக்கம் இல்ல, அதான் எழுதுதேன்.

மகளுக்கு முன்பல்லு தூக்கலா இருக்குன்னு போன வருஷம் பாளையில ஒரு க்ளினிக்ல கிளிப் போட்டோம். நாலு பல்ல எடுத்து மேலயும் கீழயும் கம்பி. மாசம் ஒருக்கா செங்கோட்டை பாசஞ்சர்ல ஏறி ஜங்ஷன்ல எறங்கி டவுன் பஸ் புடிச்சுப் போவோம். அங்க டாக்டருக்கு உதவிக்கு ஒரு பொண்ணு இருக்கு, 22 வயசு, பத்தமடை பக்கம். மொத நாள் அச்சு எடுக்க வாய் நெறைய அந்த மாவ வச்சதும் எம் மக ஒக்காளிக்க ஆரம்பிச்சிட்டா, கண்ணெல்லாம் தண்ணி. நான் பதறிட்டேன், அந்தப் பொண்ணு பதறவே இல்ல. "பாப்பா, மூக்கால மூச்சு விடு, வலது கால லேசா தூக்கு, இன்னும் தூக்கு, கட்டவெரலயே பாரு"ங்கா. கால தூக்குறதுக்கும் வாந்திக்கும் என்ன சம்மந்தமோ, நின்னுட்டு. அன்னைக்கே எனக்கு அவள புடிச்சிப் போச்சு.

அதுக்கப்புறம் நான் வெறுங்கையோட போனதே இல்ல மேடம். ஒரு தடவ எங்க ஊரு அப்பளம், ஒரு தடவ இட்லிப்பொடி, எங்க வீட்டு விசேஷத்துக்கு மறுநாள் தூக்குவாளியில தேங்காப்பால் ஊத்தி வச்ச சொதியும் இஞ்சிப் பச்சடியும் தனியா எடுத்து வச்சுக் கொண்டு போனேன். அப்பளத்தப் பாத்துட்டு "இத பாப்பாவுக்கு குடுத்துராதீங்க, பல்லுல ஒட்டுன ப்ராக்கெட் பேந்துரும்"னு எனக்கே பாடம் எடுத்தா, அதையும் ரசிச்சேன். ஆன்ட்டின்னு கூப்பிட்டவள அத்தைன்னு கூப்பிடச் சொன்னதே நான்தான். கூட்டம் இல்லாதப்போ பக்கத்துல உக்காந்து அவ கதையெல்லாம் சொல்லுவா, அப்பாவுக்கு இடுப்பு வலி வந்து வேலைக்குப் போகாதது, தங்கச்சி நர்சிங் ஃபீஸ், ராத்திரி 8 மணிக்கு மேல பஸ்ஸுக்கு நின்னு நின்னு காலு வீங்குறது. எம் மக அந்தப் பக்கம் ஃபோன நோண்டிட்டு இருப்பா.

இப்படி இருந்தவ மூணு மாசத்துக்கு முன்னால, மகள சேர்ல உக்கார வச்சிட்டு "அத்தை, நீங்க வெளிய இருங்களேன், நாங்க பாத்துக்கிடுதோம்"ங்கா. எனக்கு சுருக்குனு ஆயிட்டு. வெளிய வந்ததும் ஏன்னு கேட்டேன், "அது நான் சொல்லக்கூடாது அத்தை"ங்கா. என்ன சொல்லக்கூடாது? அடுத்த மாசமும் அதே கதை. தீவாளிக்கு எடுத்த சேலைய, 1,200 ரூவா, டாக்டர் வாங்கக்கூடாதுன்னுட்டாவன்னு திருப்பிக் குடுத்துட்டா, ஆனா வேற யாரோ குடுத்த அல்வாவ எல்லாருமா பிச்சுத் தின்னத நான் கண்ணால பாத்தேன். எங்க அண்ணன் மகனுக்குப் பாக்கலாமேன்னு ஒரு நெனப்பு, அதுக்காக எந்தத் தெருன்னு சும்மா ஒரு வார்த்த கேட்டேன், அது ஒரு தப்பா? இப்பல்லாம் மேடம்ங்கா. அத்தை போயி மேடம்.

போன மாசம் கதவு ஒருக்களிச்சுக் கெடந்துது. உள்ள கம்பியில மாட்டுற ரப்பருக்கு என்ன கலர் வேணும்னு அவ கேக்கா, இவ என்னமோ சொல்லுதா, ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு. எட்டிப் பாத்தேன், எம் மக வாய் பூரா கம்பியோட சிரிக்கா. என்னப் பாத்ததும் டக்குனு வாய மூடிக்கிட்டா. (வீட்டுலயும் பேசும்போது கைய வச்சு மறச்சுக்கிடுவா. சின்னதுல எங்க மைனி தேங்கா துருவின்னு கூப்பிடுவாவ, நாங்களும் அப்படியே கூப்பிட்டு சிரிப்போம், வெளையாட்டுக்குத்தான், அதுல வந்த பழக்கம். சவம், அது கெடக்கட்டும்.) நான் கேக்குறது என்னன்னா, இவ்வளவு பாசமா இருந்தவள ஒருத்தி இப்படி வெளிய உக்கார வைக்கலாமா? டாக்டர்ட்ட சொல்லிரலாமா, இல்ல பேசாம அம்பாசமுத்திரத்துல வேற எடம் பாத்து மாத்திரலாமா? திங்கச் சொதியும் குடுத்து திட்டும் வாங்குன மாதிரி இருக்கு மேடம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு அம்மா

*

அக்கா, நானும் தெக்கத்திக்காரிதான், மேடம் எல்லாம் வேண்டாம். சேலைக்கும் அல்வாவுக்கும் தனித்தனியா நியாயம் கேட்டிருக்கீங்க. நான் ஒரே ஒரு எடத்தப் பத்தித்தான் பேசப் போறேன், நீங்க அடைப்புக்குறிக்குள்ள போட்டு சவம் கெடக்கட்டும்னு தள்ளி விட்ட எடம். நம்ம பக்கம் ஒருத்தர் ஒரு விஷயத்த சவம் கெடக்கட்டும்னு சொன்னா அது கெடக்கலன்னு அர்த்தம், உங்களுக்கும் தெரியும்.

தேங்கா துருவி. எத்தனை வருஷம் கூப்பிட்டீங்க? பள்ளிக்கூடத்துல ஒருத்தன் கேலி பண்ணா புள்ள வீட்டுக்கு ஓடி வரும். வீட்டுலயே கூப்பிட்டா எங்க ஓடும்? அவ அப்ப அழுதிருக்க மாட்டா, உங்க கூடச் சேந்து சிரிச்சிருப்பா. அழுதா "இதுக்குப் போயா அழுவாங்க"ன்னு இன்னொரு சிரிப்பு வரும்ல. அதனால கைய வாய்க்கு கொண்டு போகப் பழகிட்டா, நீங்க அத "பழக்கம்"னு எழுதியிருக்கீங்க, நகம் கடிக்குற மாதிரி.

இப்ப அந்த ரூமுக்குள்ள போய் பாருங்க. தலைக்கு மேல லைட்டு, உதட்ட ரெண்டு பக்கமும் இழுத்துப் புடிக்குற ப்ளாஸ்டிக், வாய்க்குள்ள எச்சி உறிஞ்சுற குழாய், பல்லு அத்தனையும் வெளிய தெரியும். வீட்டுல கைய வச்சு மறைக்குற புள்ள அங்க அரை மணி நேரம் அப்படியே தொறந்து காட்டிட்டுப் படுத்திருக்கா. ஏன்னா அங்க அவ பல்லுக்குப் பேரு கெடையாது. இது கொஞ்சம் திரும்பிருக்கு, இது நகந்துட்டு, இதுக்கு அடுத்த மாசம் கம்பி மாத்தணும், அவ்வளவுதான் பேச்சு. அப்படிப்பட்ட எடத்துல ஒரு புள்ளைக்கு சிரிப்பு வருது, வாசல்ல நீங்க வந்து நின்னதும் அந்த சிரிப்பு நிக்குது. இத நீங்க அந்தப் பொண்ணு செஞ்ச துரோகம்னு கணக்குல எழுதியிருக்கீங்க அக்கா.

"அது நான் சொல்லக்கூடாது அத்தை." இந்த வார்த்தைய கொஞ்சம் நிதானமா பாருங்க. அவளுக்கே நீங்க உள்ள இருக்குறது தொந்தரவுன்னா டாக்டர் பேர சொல்லிட்டுப் போயிருப்பா, சேலைக்கு சொன்ன மாதிரி. சொல்லக்கூடாதுன்னா வேற ஒருத்தர் சொன்னத வச்சிருக்கான்னுதான எடுத்துக்கணும். நான் அங்க இல்ல, ஆனா உங்கள வெளிய இருக்கச் சொல்லச் சொன்னது உங்க மகதான்னு எனக்குப் படுது. "உங்க பொண்ணுதான் கேட்டா"ன்னு அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்க கோவம் மகள் மேல திரும்பியிருக்கும். சொல்லல. மூணு மாசமா உங்க மொறைப்ப அவளே வாங்கிட்டு இருக்கா. 22 வயசுல எனக்கு அந்தப் பக்குவம் கெடையாது.

டாக்டர்ட்ட போய் எதுவும் சொல்லாதீங்க. நின்னு நின்னு கால் வீங்குது, தங்கச்சி ஃபீஸ் அவ சம்பளத்துல போகுதுன்னு உங்ககிட்டயே சொன்ன பொண்ணு அது, அந்த வேலையில கைய வைக்காதீங்க. இன்னொண்ணு, இது உங்களுக்குப் பிடிக்காது. அத்தைன்னு கூப்பிடச் சொல்லி, சேலை எடுத்துக் குடுத்து, அண்ணன் மகன மனசுல வச்சுக்கிட்டு, எந்தத் தெருன்னும் கேட்டுட்டு, சும்மா கேட்டேன்னு சொல்றீங்க. நம்ம ஊர்ல எந்தத் தெருன்னு கேட்டா என்ன கேக்கோம்னு கேக்குறவங்களுக்கும் தெரியும், நிக்குறவங்களுக்கும் தெரியும். அவ மரியாதையா மேடம்னு ஒரு அடி தள்ளி நின்னுக்கிட்டா. கொண்டு போன சொதி பாசம்தான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா வேலை பாக்குற எடத்துல அவளால அதத் திங்கவும் முடியாது வேண்டாம்னு சொல்லவும் முடியாது.

க்ளினிக்க மாத்துறதும் வேண்டாம். கிளிப் சாதாரணமா ஒன்றரை ரெண்டு வருஷ வேலை, பாதியில போனா புது டாக்டர் மறுபடி எக்ஸ்ரே, அச்சுன்னு தொடங்குவார், இவங்களுக்குக் கட்டின காசும் இழுபறி ஆகும்.

உங்க கடிதத்துல எனக்கு ரொம்ப உறுத்துனது இதுதான். அந்தப் பொண்ணோட அப்பாவுக்கு எங்க வலிக்குது, தங்கச்சி என்ன படிக்கா, பஸ்ஸு எத்தன மணிக்கு, எல்லாம் எனக்கு இப்பத் தெரியும். உங்க மகளப் பத்தி தெரிஞ்சது ப்ளஸ் ஒன், பல்லு, ஃபோன். என்ன க்ரூப் எடுத்திருக்கான்னு கூட எழுதல. ரப்பருக்கு என்ன கலர் கேட்டான்னு காதுல விழுந்தும் "என்னமோ சொல்லுதா"ன்னு போயிட்டீங்க. வீட்டுக்காரர் மஸ்கட்ல, வீட்டுல வாயத் தொறக்காத ஒரு புள்ள, பக்கத்துல உக்காந்து வாய் ஓயாம கதை சொல்ல ஒரு பொண்ணு கெடைச்சதும் மனசு அங்க ஓடிட்டு. உங்களக் குத்தம் சொல்லல அக்கா, தனியா கெடந்தா எல்லாருக்கும் ஓடும். ஆனா நீங்க அவகிட்ட தேடுனது உங்க மக பேச்ச.

பல்லு நேராகிரும். கை தானா எறங்கும்னு நெனைக்காதீங்க. மைனிக்கு இன்னைக்கே ஃபோன் போட்டு அந்தப் பேரு இனி வேண்டாம்னு சொல்லுங்க, "அதுக்கென்ன இப்ப"ம்பாவ, சொல்லட்டும். மகள்ட்ட ஒரே ஒரு வரி போதும், "உன்ன அப்படிக் கூப்பிட்டு சிரிச்சது தப்பு ஏளா"ன்னு, ட்ரெயின்ல திரும்பி வரும்போது ஜன்னலப் பாத்துக்கிட்டே சொன்னா கூடப் போதும். அவ பதில் சொல்ல மாட்டா, ஃபோனத்தான் நோண்டுவா, தொணதொணக்காதீங்க. அடுத்த மாசம் யாரும் சொல்றதுக்கு முன்னால நீங்களே வெளிய உக்காந்துருங்க.

கம்பி டைட் பண்ண அன்னைக்கும் மறுநாளும் பல்லு விண்ணு விண்ணுனு வலிக்கும், எதையும் கடிக்க முடியாது. அன்னைக்கு சொதி உங்க வீட்டுல வைங்க. அவ சாப்பிடும்போது மட்டும் வாயப் பாக்காதீங்க.