கட்டைவிரல் அகல நெருப்புக்கு எத்தனை டன்?

கேள்வி: நாவல் ஒன்று எழுதுகிறேன். மே மாத மாலை. வேலூர்க் கோட்டை மதில்மேல் நிற்கும் நாயகி, பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு வெடிப்பைப் பார்க்கிறாள். நெருப்புக் கோளம் பொங்கி எழுகிறது. கையை நீட்டிப் பார்க்கிறாள்: சரியாகக் கட்டைவிரல் அகலம். 12 விநாடி கழித்துச் சத்தம் வருகிறது; ஊரிலுள்ள ஜன்னல் கண்ணாடியெல்லாம் நொறுங்குகிறது. வெடித்தது எத்தனை டன் என்று எழுதலாம்? – வாசகி, காட்பாடி

பதில்: உங்கள் காட்சியில் இரண்டு வெடிப்புகள் கலந்துகிடக்கின்றன. நெருப்பு ஒரு கணக்குச் சொல்கிறது, கண்ணாடி வேறு கணக்குச் சொல்கிறது.

முதலில் தூரம். ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் என்று படித்திருப்போம். வேலூர் வெயிலுக்கு 350 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 12 விநாடிக்கு 4.2 கிலோமீட்டர். நீட்டிய கையின் கட்டைவிரல் சுமார் 2 டிகிரியை மறைக்கும். அதாவது தூரத்தில் 28-இல் ஒரு பங்கு. ஆக, கோளத்தின் விட்டம் 150 மீட்டர்.

இந்த அளவை மட்டும் வைத்து டன் கணக்குச் சொல்ல முடியாது. எவ்வளவு நேரத்தில் அந்த அளவுக்கு வளர்ந்தது என்று தெரியவேண்டும். 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையின் புகைப்படங்களில், 0.025 விநாடியில் கோளத்தின் ஆரம் 140 மீட்டர். அந்தப் படங்களை வைத்தே ஜி.ஐ. டெய்லர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆற்றலைக் கணக்கிட்டார். ஆரத்தின் ஐந்தாம் அடுக்கைக் காற்றின் அடர்த்தியால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஏறக்குறைய ஆற்றல் கிடைக்கும். அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோ என்று வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்: ஒரு டன் டி.என்.டி. வெடிமருந்து 420 கோடி ஜூல் என்ற கணக்கில் 25 ஆயிரம் டன்னுக்குப் பக்கத்தில் வரும். ஐந்தாம் அடுக்கு பொல்லாதது. ஆரத்தில் பத்து சதவீதம் பிசகினால் விடை அறுபது சதவீதம் எகிறிவிடும்.

இந்தச் சூத்திரத்தை உங்கள் கோளத்துக்குப் போடாதீர்கள். கையை நீட்டி அளக்க நாயகிக்கு நேரம் இருந்திருக்கிறதே, அதுதான் பெரிய தடயம். கோளம் வளர்வதைக் கண் பார்க்க முடிகிறது என்றால் அது எரிபொருள். நெடுஞ்சாலையில் போகும் எல்.பி.ஜி. டேங்கர் லாரியில் 18 டன் வாயு இருக்கும். 18,000 கிலோவின் கன மூலம் 26. அதை 5.8 ஆல் பெருக்கினால் கோளத்தின் விட்டம் மீட்டரில்: 150. 0.45 ஆல் பெருக்கினால் எரியும் நேரம்: 12 விநாடி. கச்சிதமாகப் பொருந்துகிறது! சத்தம் கோட்டையை எட்டும்போது நெருப்பு அணையும் தறுவாயில் இருக்கும். இதை நாவலில் விட்டுவிடாதீர்கள்.

ஆனால் கண்ணாடி இடிக்கிறது. அந்த 18 டன் வாயுவில் அடங்கிய ஆற்றல் 200 டன் டி.என்.டி.க்குச் சமம்தான். அது நிதானமாக எரிந்து தீர்வதால் காற்றை அறைவதில்லை. கண்ணாடிச் சேதம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். 4.2 கிலோமீட்டரில் ஊர்க் கண்ணாடி எல்லாம் உடையவேண்டுமென்றால், தூரத்தை மீட்டரில் எழுதி 20 ஆல் வகுத்து, விடையின் மூன்றாம் அடுக்கைக் கண்டுபிடியுங்கள். கிலோ கணக்கு கிடைக்கும்: சுமார் 9,000 டன் டி.என்.டி. பத்தில் ஒரு கண்ணாடி போதுமென்றால் 45 ஆல் வகுக்கலாம். 800 டன்னில் முடியும். 2020-இல் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்ததே, அதன் வீரியம் 500 முதல் 1,000 டன் டி.என்.டி. வரை என்றுதான் பல மதிப்பீடுகள் சொல்கின்றன.

என் யோசனை, டேங்கரையே வைத்துக்கொண்டு ஊர்க் கண்ணாடிகளைக் காப்பாற்றிவிடுங்கள். இல்லை, உடைந்தே தீரவேண்டுமென்றால் கட்டைவிரலை எடுத்துவிட்டு ஒரே ஒரு மின்னல் வெளிச்சமும் எழும்பும் புழுதியும் போடுங்கள். பெய்ரூட் காணொளிகளில் பார்த்த வெள்ளைக் குமிழை மட்டும் சேர்க்காதீர்கள். அது கடலோர ஈரக்காற்று கணநேரம் குளிர்ந்து உண்டான மேகம். மே மாத வேலூர்க் காற்றில் அதற்கு ஈரம் போதாது. கதையை ஐப்பசி மழைக்குத் தள்ளினால் பார்க்கலாம்.