ரஷ்ய மொழிக்கு மாணவர் தூதர்: என்ன செய்ய வேண்டும்?

மொரீஷியஸில் படிக்கும் உங்கள் மகளை ரஷ்ய மொழிக்கு மாணவர் தூதராக, அதாவது அந்த மொழியைப் புதிய மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துபவராக, அழைத்திருக்கிறார்கள், என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். துண்டறிக்கை கொடுப்பது சின்ன வேலை. புதிய மாணவர்களின் பயத்தைப் போக்குவதுதான் பெரிய வேலை. அதற்குப் பள்ளியில் படித்த தமிழே கைகொடுக்கும்.

பலகையில் 'எத்தா தோம்' என்று எழுதட்டும். எத்தா என்றால் இது, தோம் என்றால் வீடு. 'இது வீடு', அவ்வளவுதான்! அங்குள்ள மாணவர்களுக்குப் பழக்கமான பிரெஞ்சில் நடுவே வரும் வினைச்சொல் இதில் இல்லை. அடுத்து, 'மாமா' என்றால் ரஷ்ய மொழியில் அம்மா, பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். 'மாமே' என்றால் அம்மாவுக்கு: நம் 'கு' உருபைப் போலச் சொல்லின் கடைசியே மாறுகிறது. தமிழில் வேற்றுமை 8, அங்கே 6. எழுத்தும் 33தான்; 247 எழுதிப் பழகிய கைக்கு அது மலைப்பாகாது.

வினைச்சொற்கள் இணை இணையாக (செயல் நடப்பதற்கு ஒன்று, செய்து முடிப்பதற்கு இன்னொன்று) வருவது மட்டும் உண்மையிலேயே கடினம். அதை அவள் மறைக்கவே கூடாது.